ஜனவரி ஒன்றாம் தேதி பிறக்கும் மக்கள்

அப்ஷிருக்குப் பிறந்த நாள் கிடையாது. அது இருக்கவேண்டிய இடத்தில் ஜனவரி ஒன்று இருந்தது. கென்ய எல்லை முகாமில் பதிவு எழுத உட்கார்ந்திருந்த ஆள், வரிசையில் நின்ற ஆயிரம் பேரைப் பார்த்து அலுத்துப்போய், "தேதி தெரியாதா? சரி, ஜனவரி ஒண்ணு. அடுத்த ஆள் வா" என்று எழுதித் தள்ளிவிட்டார். ஆடெல்லாம் செத்துப்போன வருஷம், மழைக்கு முந்தி இவன் பிறந்தான் என்று அப்ஷிரின் அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அதை எழுதப் படிவத்தில் இடமில்லை. அப்ஷிரின் மனைவி அம்பரோவுக்கும் ஜனவரி ஒன்றுதான். அவளுடைய மூன்று அண்ணன்மாருக்கும் அதே தேதி. அமெரிக்காவுக்கு வந்து எல்டர் ஃபால்ஸ் ஊர் வான்கோழி ஆலையில் வேலைக்குச் சேர்ந்த சோமாலிகளில் பத்துக்கு ஒன்பது பேர் அந்தத் தேதிக்காரர்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மாநில அரசு எடுத்துக்கொண்டது.

எப்படி என்று சொல்ல, அதற்கு முந்தைய வருஷத்து அக்டோபருக்குப் போகவேண்டும். அங்கே போக அப்ஷிருக்குப் பிடிக்காது. வேறு வழியில்லை.

அந்த அக்டோபரில் அம்பரோவுக்கு முதல் பிரசவம். அப்ஷிர் ஆலையில் கத்தியும் கையுமாக நின்றுகொண்டிருந்தான். போன் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது, ஆலை விதி அப்படி. ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்புக்கென்று சக்கரம் வைத்த திரை ஒன்று உண்டு. பொத்தானை அழுத்தினால் எங்கோ இருக்கும் ஒருவர் முகம் தெரியும், நம் பாஷையில் பேசுவார். அன்றைக்கு அது பழுது பார்க்கப் போயிருந்தது. குழந்தை மூச்சு விடவில்லை. டாக்டர் நல்ல மனுஷர், அம்பரோவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, விவரமாக, ஆங்கிலத்தில் சொன்னார். அம்பரோவுக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலம் "ஓகே". அவள் ஓகே என்றாள். எவ்வளவு தைரியமான பெண் என்று டாக்டர் குறிப்பேட்டில் எழுதிவைத்தார்.

குழந்தையைக் குளிப்பாட்டத் தூக்கிப்போயிருக்கிறார்கள் என்று அம்பரோ ஆறு மணி நேரம் காத்திருந்தாள். நர்ஸ் உள்ளே வரும்போதெல்லாம் இரண்டு கையையும் தொட்டில் மாதிரி ஆட்டிக் காட்டிக் கேட்டாள். நர்சுக்குக் கண் கலங்கியது. என்ன செய்வது என்று தெரியாமல் ஒவ்வொரு தடவையும் ஒரு டம்ளர் ஆப்பிள் ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தாள். அப்ஷிர் வேலை முடிந்து வந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் ஐந்து காலி டம்ளர் இருந்தது. அவன்தான் சொல்லவேண்டியிருந்தது.

அம்பரோ ரொம்ப நேரம் அழவில்லை. டம்ளர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அவ குடுக்க குடுக்க நான் எல்லாத்தையும் குடிச்சேனே" என்றாள்.

அப்ஷிர் ஆங்கிலம் தெரிந்த ஒருவரைப் பிடித்து மாநில அரசுக்கு மனு எழுதினான். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: அடுத்த தடவை என் மனைவி பக்கத்தில் எங்கள் பாஷை தெரிந்த ஒருவர் இருக்கவேண்டும். பதினோரு மாதம் கழித்துப் புதியவர் நல்வரவுத் துறையிலிருந்து பதில் வந்தது. "உங்கள் கதையைப் பகிர்ந்தமைக்கு நன்றி" என்று தடித்த எழுத்தில் போட்டு, தலைநகரில் நடக்கும் செவிசாய்க்கும் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். அப்போது அம்பரோ மறுபடி மூன்று மாதம்.

கூட்டம் வேலை நாளில், காலை பத்து மணிக்கு. ஆலையில் வராத நாளுக்கு ஒரு புள்ளி. ஏழு புள்ளி சேர்ந்தால் வேலை போயிற்று. போனால் போகட்டும், ஒரு புள்ளிதானே என்று அப்ஷிர் போனான்.

துறையின் ஆணையர் மார்லிஸ் ஓஸ்ட்பி வாசலுக்கே வந்து இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அறுபது வயது, மெல்லிய குரல், கோட்டில் உலக வரைபடம் போட்ட பேட்ஜ். செவிசாய்ப்பதன் முக்கியத்துவம் பற்றி ஐம்பது நிமிடம் பேசினார். அதை சோமாலியில் சொல்ல ஷுக்ரி என்றொருத்தியை வரவழைத்திருந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, துறையின் பேச்சுகளுக்கு எந்நேரமும் மொழிபெயர்ப்பாளர் உண்டு. பிரசவத்துக்குத்தான் இல்லை.

ஷுக்ரி எல்டர் ஃபால்ஸ்காரிதான். காலையிலும் மாலையிலும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், நாலு பிள்ளைக்குத் தாய், நாக்கில் மிளகாய் தடவியவள். ஆணையர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொல்வாள். பிறகு தன் கணக்கில் ஒன்று சேர்ப்பாள்.

"உங்க வலி எங்க வலின்னு சொல்றாங்கண்ணே" என்றாள் ஷுக்ரி. "இதுக்கு முன்னாடி மூணு பேர்கிட்டயும் இதையேதான் சொன்னாங்க. அது நான் சொல்றது."

அப்ஷிர் எழுந்து தன் விஷயத்தைச் சொன்னான். டம்ளர் சமாச்சாரத்தையும் சொன்னான். கூடத்தில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆணையர் மட்டும் ஒரு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் அப்ஷிர், தப்பா நினைக்காதீங்க. உங்க பிறந்த நாள் எப்போ?"

"ஜனவரி ஒண்ணு."

"உங்க மனைவிக்கு?"

"ஜனவரி ஒண்ணு. ஆனா அது முகாம்ல ஒரு ஆள்..."

"உங்க அப்பாவுக்கு?"

"ஜனவரி ஒண்ணுதாங்க. முகாம்ல எழுதினது..."

ஆணையர் தாளைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்திலிருந்த புள்ளிவிவர அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி மெதுவாகத் தலையாட்டினார். இரண்டு பேர் முகத்திலும் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்த களை.

இரண்டாவது கூட்டத்தில் அது படமாக வந்தது. சுவர் அகலத்துக்குத் திரை. பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு தூண். பதினோரு தூண் தரையோடு தரை. ஜனவரித் தூண் மட்டும் கூரையை முட்டிக்கொண்டு நின்றது.

"இத்தனை வருஷமா இந்தச் சமூகத்தோட மகப்பேற்றுப் பண்பாட்டை நாம கவனிக்கவே இல்ல" என்றார் ஆணையர். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வருஷம் முழுக்க ஆஸ்பத்திரியைத் திறந்து வெச்சுட்டு, அவங்க வர்ற ஒரே நாள்ல நாம விடுமுறை கொண்டாடிட்டு இருந்திருக்கோம். இனிமே அப்படி நடக்காது."

தொட்டில் நல்வரவுத் திட்டம் அங்கேயே அறிவிக்கப்பட்டது. ஜனவரி ஒன்றாம் தேதி, நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை, எல்டர் ஃபால்ஸ் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் பதினோரு சோமாலி மொழிபெயர்ப்பாளர்கள் நிறுத்தப்படுவார்கள். நேரடி ஆட்களே வந்துவிடுவதால் சக்கரத் திரை தேவையில்லை. அது திரும்பப் பெறப்படும்.

அப்ஷிர் எழுந்தான். "அம்மா, என் மனைவிக்கு மார்ச்ல தேதி சொல்லியிருக்காங்க."

ஆணையர் மேடையிலிருந்து இறங்கி வந்து அவன் தோளைத் தொட்டார்.

"மார்ச்சா? மிஸ்டர் அப்ஷிர், இந்த நாட்டுக்கு வந்துட்டோம், நாமும் எல்லாரையும் மாதிரி கண்ட தேதியில பெத்துக்கணும்னு நீங்க நினைக்க வேணாம். நாங்க யாரையும் மாறச் சொல்லல. உங்க வழக்கப்படியே பெத்துக்கோங்க. அதுக்குத்தான் நாங்க இருக்கோம்."

ஷுக்ரி அதை மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "அண்ணே, பதினஞ்சு வருஷமா இந்த வேலை பாக்கறேன். இதை எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

"நீ சொல்லு தாயி, முகாம்ல தேதி போட்டது ஒரு குமாஸ்தான்னு."

ஷுக்ரி சொன்னாள். ஒரு தடவைக்கு மூன்று தடவை சொன்னாள். புள்ளிவிவர அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது தனிப்பட்ட அனுபவம் என்றும், அதற்கும் துறை பெரிய மதிப்புக் கொடுக்கிறது என்றும், ஆனால் ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பது பேரின் அரசு ஆவணம் தப்பாக இருக்க முடியாது என்றும் சொன்னார். ஆணையர், அப்ஷிர் தன் மரபைச் சொல்லவே கூச்சப்படுகிற அளவுக்கு நாம் அவனை ஒடுக்கி வைத்திருக்கிறோம் என்று சொல்லி மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது கூட்டத்துக்கும் போனான், நாலாவதுக்கும் போனான். ஐந்தாவது தடவை கூட்டமில்லை. சுவரொட்டிக்குப் போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். அங்கே எப்படியாவது ஆணையரிடம் தனியாகப் பேசிவிடலாம் என்று போனான். ஆணையர் வரவில்லை. ஆறாவது, அவனுக்கு நன்றி சொல்லும் விழா. ஆறு புள்ளி சேர்ந்துவிட்டது.

"இனிமே ஒரு நாள் போனா வேலை இல்ல" என்றான் வீட்டில்.

அம்பரோ கல்லில் அஞ்ஜேரோ மாவை வட்டமாக ஊற்றிக்கொண்டிருந்தாள். "அவங்க என்னதான் சொல்றாங்க?"

"ஜனவரி ஒண்ணுக்கு வரச் சொல்றாங்க."

"யாரை?"

"புள்ளையை."

அம்பரோ சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். வயிற்றின் மேல் கை போய் உட்கார்ந்தது. அடுத்த நாள் ஷுக்ரியை வரச்சொல்லித் தேநீர் கொடுத்து, "எனக்கு இங்கிலீஷ் எல்லாம் வேணாம், ஒரே ஒரு வார்த்தை சொல்லிக்குடு, போதும்" என்றாள். 'என் குழந்தை எங்கே?' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று ஷுக்ரி சொல்லிக்கொடுத்தாள். அன்றிலிருந்து மாவு கரைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அம்பரோ அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது அப்ஷிருக்குச் சுலபமாக இல்லை.

ஜனவரி ஒன்று வந்தது. வெளியே எச்சில் துப்பினால் உறைகிற குளிர். பிரசவ வார்டில் பதினோரு மொழிபெயர்ப்பாளர்கள் நீல அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள், ஷுக்ரி ஏழாவது. பலூன், பதாகை, ஆணையர், இரண்டு தொலைக்காட்சிக்காரர்கள். யாருக்கும் வலி எடுக்கவில்லை. மதியம் மூன்று மணிக்கு ஒரே ஒரு பிரசவம் ஆயிற்று. அந்த ஊர்ப் பால்பண்ணைக்காரர் வீட்டுப் பெண், பெயர் கிறிஸ்டீன், தலைமுடி வைக்கோல் நிறம். சும்மா நிற்கக் கூடாதே என்று பதினோரு பேரும் உள்ளே போய் அவளுக்கு சோமாலியில் வாழ்த்துச் சொன்னார்கள். அந்தப் பெண் "ஓகே" என்றாள்.

பிப்ரவரியில் அறிக்கை வெளிவந்தது. தகுந்த ஏற்பாடு செய்தும் சமூகம் அதைப் பயன்படுத்திக்கொள்ள முன்வரவில்லை. நம்பிக்கைக் குறைவே காரணமாக இருக்கலாம். ஆகவே திட்டத்தைத் தொடர்வது பற்றி ஆராய ஒரு குழு அமைக்கப்படும். அப்ஷிர் ஆஸ்பத்திரிக்கே நேரில் போய், சக்கரத் திரையையாவது திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று கேட்டான். அதற்குக் குழுவின் முடிவு வரவேண்டும் என்றார்கள்.

"நான் வரேண்ணே" என்றாள் ஷுக்ரி. "ஆனா ஒன்பதுக்கு மேல, ரெண்டுக்குள்ள பொறக்கச் சொல்லு. ரெண்டு மணிக்குப் பஸ்ஸை எடுத்தாகணும்."

மார்ச் பதினேழு, வியாழக்கிழமை, காலை ஆறு மணிக்கு அம்பரோவுக்கு வலி எடுத்தது. அப்ஷிர் வேலை உடுப்பை மாட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தான். மாட்டிய உடுப்பைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டான். ஏழாவது புள்ளி விழுந்தது.

ஷுக்ரி பத்து மணிக்கு வந்தாள். வார்டு வாசலிலேயே மறித்துவிட்டார்கள்.

"உங்க அட்டை ஜனவரி ஒண்ணுக்கு மட்டும்தான் செல்லும்" என்றாள் மேற்பார்வை நர்ஸ். "வேணும்னா பாக்க வந்தவங்களா உள்ள வரலாம். ஆனா மொழிபெயர்க்கக் கூடாது. சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க மொழிபெயர்த்தா தப்பு நடந்துடும். நோயாளியோட பாதுகாப்புக்காகத்தான் சொல்றேன்."

"புருஷன்?"

"அவரும் கூடாது."

அவன் மொழிபெயர்த்தும் பிரயோஜனமில்லை. அப்ஷிருக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுக்க வான்கோழி சம்பந்தப்பட்டது.

ஷுக்ரி ஒரு நிமிடம் யோசித்தாள். "போன் பேசலாமா?"

"தாராளமா."

ஷுக்ரி ஜன்னலோரம் போய் நின்று, அணைத்து வைத்திருந்த போனைக் காதில் வைத்தாள். டாக்டர் பேச ஆரம்பித்ததும் அவளும் போனில் உரக்கப் பேச ஆரம்பித்தாள், சோமாலியில். "ஆமாண்டி, தலை கீழ வந்துடுச்சாம். இப்ப முக்க வேணாங்கறாங்க. மூச்சை மட்டும் இழுத்து விடணுமாம். பயப்பட ஒண்ணுமில்லையாம்." கட்டிலில் அம்பரோ மூச்சை இழுத்து விட்டாள். "கேளுடி, குழந்தை கழுத்துல கொடி சுத்தியிருக்காம். எடுத்து விடறாங்களாம். சொல்லும்போது மட்டும் முக்கணும். இப்ப, இப்ப." நர்ஸ் ஒரு தடவை ஷுக்ரியைத் திரும்பிப் பார்த்தாள். எந்த விதியிலும் இடமில்லாத காரியம், தடுக்கவும் விதியில்லை. திரும்பிக்கொண்டாள்.

பன்னிரண்டு நாற்பதுக்குக் குழந்தை பிறந்தது. கொடியை அவிழ்த்து, துணித் திரைக்கு அப்பால் தூக்கிப் போனார்கள். உடனே சத்தமில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு சின்ன நர்ஸ், நல்ல பெண், தட்டில் ஒரு டம்ளர் ஆப்பிள் ஜூஸ் கொண்டுவந்து கட்டிலோரம் வைத்தாள்.

அம்பரோவின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோயிற்று. நாலு மாதமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்த ஆங்கிலம் ஒரு எழுத்துகூட வரவில்லை. "சொல்லிடுங்க" என்று அலறினாள், தன் பாஷையில். "இப்பவே சொல்லிடுங்க."

ஷுக்ரி போனை எறிந்துவிட்டு ஓடிவந்தாள். "இருக்குடி. எடை போடறாங்க. பொண்ணு. கேளு, கேளு." திரைக்குப் பின்னால் குழந்தை வீல் என்று கத்தியது. அம்பரோ ஷுக்ரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மொழிபெயர்த்ததற்காக ஷுக்ரியை வார்டிலிருந்து வெளியேற்றினார்கள். எப்படியும் மணி ஒன்றரை ஆகியிருந்தது, பஸ் எடுக்கப் போய்விட்டாள்.

குழந்தைக்கு ரூன் என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் பாஷையில் உண்மை என்று அர்த்தம். பிறப்புப் பதிவு செய்கிற அம்மாள் கணினியில் தட்டினாள். தாய் தகப்பன் சமூகம் சோமாலி என்று போட்டதும் தேதி தானாக விழுந்தது: ஜனவரி ஒன்று.

"இல்லைங்க. இன்னிக்கி பொறந்தது. மார்ச் பதினேழு. பன்னெண்டு நாப்பது" என்றான் அப்ஷிர். எங்கள் வீட்டில் ஒரு ஆளுக்காவது சொந்தமாக ஒரு நாள் இருக்கட்டும் என்று சொல்ல நினைத்தான். அதற்கு ஆங்கிலம் இல்லை.

"புரியுதுங்க. ஆனா நல்வரவுத் துறையோட மரபு மரியாதை ஏற்பாடு இது. உங்க வழக்கத்தை நாங்க மீறக் கூடாது. மாத்தணும்னா மனு குடுக்கலாம்."

"மனுவோட என்ன வெக்கணும்?"

"பிறப்புச் சான்றிதழ்."

பிறந்து மூன்று நாளான குழந்தைக்கு எழுபத்தெட்டு நாள் ஆகியிருப்பதாக ஆவணம் சொன்னது. தடுப்பூசி போடப் போன இடத்தில், வயதுக்கேற்ற எடை இல்லை என்று எழுதிவிட்டார்கள். ஊட்டச்சத்து அதிகாரி வீட்டுக்கு வந்து, தாய்க்குப் பாலூட்டுவது பற்றிப் படம் போட்ட தாள் கொடுத்துவிட்டுப் போனார். ஆலை வேலை போய்விட்டதால் அப்ஷிருக்கு அந்தத் தாளைப் படித்துப் பார்க்க நேரம் நிறைய இருந்தது. கோடைக்கு அப்புறம் ஷுக்ரி சொல்லிப் பள்ளிப் பேருந்துகளைக் கழுவுகிற வேலை கிடைத்தது.

டிசம்பரில் துறையிலிருந்து தங்க எழுத்தில் கடிதம் வந்தது. ஷுக்ரி படித்தாள். படிக்கப் படிக்க அவள் குரல் தாழ்ந்துகொண்டே போனது. குழு ஆவணங்களைப் பரிசீலித்ததில், சென்ற ஜனவரி ஒன்றாம் தேதி எல்டர் ஃபால்ஸ் ஆஸ்பத்திரியில் ஒரு சோமாலிக் குழந்தை பிறந்திருப்பது உறுதியாகியிருக்கிறது. ஆகவே தொட்டில் நல்வரவுத் திட்டம் வெற்றி. வரும் ஜனவரி ஒன்றிலும் பதினோரு பேர் நிற்பார்கள். அதற்கு முன்னால், முந்தின வாரம், ரூனின் முதல் பிறந்த நாள் தலைநகரில் கொண்டாடப்படும்.

"போக வேணாம்" என்றான் அப்ஷிர்.

"போலாம்" என்றாள் அம்பரோ.

குவிமாடம் வைத்த பெரிய கட்டடம், பளிங்குத் தரை. ஒற்றை மெழுகுவத்தி வைத்த கேக். முந்நூறு நாற்காலி. ஆணையர் ஓஸ்ட்பி அன்றைக்கு மிகவும் உருக்கமாகப் பேசினார்.

"சில பேர் கேட்டாங்க, இந்தத் திட்டத்தால யாருக்குப் பிரயோஜனம்னு. இதோ, அந்தக் குழந்தை. அன்னிக்கி நான் அந்த வார்டுல நின்னேன். நான் இவளைப் பாக்கலைன்னு என் கண்ணு சொல்லுது. ஆனா ஆவணம் சொல்லுது, இவ அங்கதான் பொறந்தான்னு. என் கண்ணைவிட நான் ஆவணத்தை நம்பறேன். அதுதான் நேர்மையான நிர்வாகம்."

கைதட்டல் அடங்கியதும் ஒலிவாங்கியை அம்பரோவிடம் நீட்டினார். "தாயாரும் ரெண்டு வார்த்தை பேசட்டும். எந்த மொழியிலயும் பேசலாம். மொழிபெயர்ப்பாளர் தயாரா இருக்காங்க."

ஷுக்ரி ஓரடி முன்னால் வந்தாள். அம்பரோ அவளைப் பார்க்கவில்லை. இடுப்பில் ரூன் பலூன் நூலைச் சப்பிக்கொண்டிருந்தாள். அம்பரோ ஒலிவாங்கியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், சுத்தமான ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"என் குழந்தை எங்கே?"

கூடம் ஒரு கணம் விழித்தது. ஆணையர் அவள் இடுப்பைப் பார்த்தார். அங்கே குழந்தை இருந்தது. பாவம், பதற்றம் என்று புரிந்துகொண்டு பிரியமாகச் சிரித்தார். கூடமே சிரித்தது. பிறகு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மொழிபெயர்க்க ஒன்றுமில்லை என்பதால் ஷுக்ரி வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். நாற்காலியின் கையை அப்ஷிர் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

கைதட்டல் முடியும் வரை அம்பரோ காத்திருந்தாள். முடிந்ததும் மறுபடி கேட்டாள். அதே வாக்கியம், அதே நிதானம். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவள் கண் ஆணையர் முகத்தை விட்டு நகரவில்லை.

ஆணையர் சுற்றுமுற்றும் பார்த்து, யாருக்கோ சைகை காட்டினார். துறை ஊழியர் ஒருவர் பக்கவாட்டு மேசைக்கு ஓடிப்போய், ஒரு டம்ளர் ஆப்பிள் ஜூஸ் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார்.

அம்பரோ அதை வாங்கவில்லை.